மழை ஓய்ந்தபின் கேட்க ஒரு கச்சேரி

கினிகத்தேனையில் மழை பிடித்தால் லேசில் விடாது. லயத்துத் தகரத்தில் அது கொட்டும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே காதில் விழாது. மழை ஓய்ந்து, பீலித் தண்ணீர் மட்டும் கேட்கும் நேரத்தில் போட்டுக் கேட்க ஒரு கச்சேரி உண்டு. ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டு.

1975 ஜூலை 5 அன்று அமெரிக்காவின் லாங் ஐலண்டில், சவுத்ஹாம்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு அது. ஜான் மெக்லாக்லின் அதற்கு முன் ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’வில் மின்சாரக் கிட்டாரும் இடிபோன்ற ட்ரம்ஸுமாக ராக்கும் ஜாஸும் கலந்து முழங்கியவர். அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கூடவே வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன்.

மெக்லாக்லின் வெறுங்கையோடு வந்தவரல்ல. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். வீணையில் கம்பியை இழுத்தால் கமகம் பிறக்கும். சாதாரணக் கிட்டாரில் அந்த அசைவுக்கு இடம் போதாது. அதனால் சக்திக்காகவே ஒரு கிட்டார் செய்வித்தார். மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகக் குடைந்து, குறுக்கே ஏழு துணைக் கம்பிகள் கட்டிய கிட்டார் அது. அவர் வாசிக்க வாசிக்க அந்த ஏழும் தாமாகவே அதிர்ந்து ரீங்கரிக்கும்.

வயலின்காரர் நமக்கு இன்னும் நெருக்கம். சங்கரின் தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். பிள்ளைகளின் இளமைக்காலமும் அங்கேதான். தமிழருக்கு எதிரான 1958 கலவரத்தோடு அந்தக் குடும்பம் இலங்கையை விட்டுப் போனது. நாம் இழந்தது எவ்வளவு என்பதை இந்தத் தட்டைக் கேட்டால் தெரியும்.

முதல் உருப்படி ‘ஜாய்’. கிட்டாரும் வயலினும் ஒரு சுரம் பிசகாமல் சேர்ந்து பாய்கின்றன. அது முன்பே அமைத்துக்கொண்ட பகுதி. அதன்பின் மனோதர்மம். ஒருவர் ஒரு பிடியை வீசுகிறார், மற்றவர் அதை வாங்கி வளைத்துத் திருப்பித் தருகிறார். தாளம் மட்டும் எல்லோருக்கும் பொது. எவ்வளவு தூரம் போனாலும் கணக்காக வந்து சேர்ந்தாக வேண்டும்.

தோட்டத்துத் தப்பு கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமே அல்ல. தோலை நெருப்பில் காட்டி முறுக்கேற்றி, ஒருவர் அடியை மாற்றியதும் மற்றவர்கள் கண்ஜாடையில் பிடித்துக்கொள்வதைக் காமன் கூத்தில் பார்க்கலாம்.

இந்த மனோதர்மம் ராக்கிலும் உண்டு. ஒவ்வொரு இரவும் வேறு மாதிரி வாசிப்பதற்கே பெயர்போன அமெரிக்க ராக் குழு ‘கிரேட்ஃபுல் டெட்’. அதன் ட்ரம்ஸ் கலைஞர் மிக்கி ஹார்ட், 1991இல் ‘பிளானட் ட்ரம்’ தட்டுக்கு அழைத்தவர்களில் ஜாகிரும் விநாயக்ராமும் உண்டு. அதற்குக் கிராமி விருது கிடைத்தது. சக்திக்கு அது கிடைத்தது 2024 பெப்ரவரியில்தான், ‘திஸ் மொமெண்ட்’ தட்டுக்காக. அப்போது விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் குழுவில் இருந்தார். அதே ஆண்டு டிசம்பர் 15இல் ஜாகிர் காலமானார்.

சவுத்ஹாம்டனில் வாசித்தபோது ஜாகிருக்கு வயது 24. தட்டின் கடைசி உருப்படி மட்டுமே அரை மணி நேரத்தை நெருங்கும். இடையில் எழுந்து போகாமல் கேட்க வேண்டும்.