காரைக்காலில் தொழில்மயமாதல்: நன்மைகளும் தீமைகளும்

உழவையும் மீன்பிடியையும் கைத்தொழிலையும் நம்பி வாழ்ந்த ஒரு சமூகம், இயந்திர உற்பத்தியையும் அதற்கு வேண்டிய எரிபொருள், துறைமுகம், இருப்புப்பாதை ஆகியவற்றையும் சார்ந்ததாக மாறுவதே தொழில்மயமாதல் எனப்படும். இதன் நன்மை தீமைகள் யாரைச் சேர்கின்றன என்பதைச் சிறிய ஊர்களில்தான் தெளிவாகக் காண முடியும். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 2 இலட்சம். கிழக்கே வங்காள விரிகுடா, மற்ற மூன்று புறமும் தமிழ்நாடு. காவிரியின் கடைமடை என்பதால் நெல்லே முதன்மைப் பயிர்.

எரிவாயு தந்த வளர்ச்சி

காவிரிப் படுகையில் எண்ணெய் தேடும் பணி 1960களில் தொடங்கியது. 1980களில் அருகிலுள்ள நரிமணத்தில் எண்ணெய் கண்டறியப்பட்டது. ஓ.என்.ஜி.சி. நிறுவனம் தன் காவிரிப் படுகைப் பணிகளைக் காரைக்காலில் இருந்தே நடத்துகிறது. திருமலைராயன்பட்டினத்தில் புதுச்சேரி மின்திறல் குழுமத்தின் 32.5 மெகாவாட் நிலையம் இந்தப் படுகையின் எரிவாயுவில் இயங்குகிறது. வாயுச் சுழலியிலிருந்து வெளியேறும் வெப்பத்தை வீணாக்காமல் நீராவி உண்டாக்கி, இரண்டாவது சுழலியையும் அதில் ஓட்டுகிறார்கள். மண்ணுக்கடியில் கிடைத்த பொருள் அதே மண்ணில் விளக்கெரிய வைத்தது. தொழில்மயத்தின் நன்மையாக இதைத் தயங்காமல் சொல்லலாம்.

துறைமுகம்

வாஞ்சூர் அருகே தனியார் முதலீட்டில் அமைந்த காரைக்கால் துறைமுகம் 2009-இல் செயல்படத் தொடங்கியது. கடனில் மூழ்கித் திவால் நடவடிக்கைக்கு உள்ளாகி, 2023-இல் சுமார் 1,485 கோடி ரூபாய்க்கு அதானி குழுமத்தின் கைக்குச் சென்றது. இங்கு இறங்கும் சரக்குகளில் முதலிடம் நிலக்கரிக்கு. 1898-இல் பிரெஞ்சுக்காரர் காலத்தில் வந்த பேரளம் ரயில் 1980களில் நின்றுபோன பிறகு ரயிலே இல்லாதிருந்த ஊருக்கு, 2011 இறுதியில் நாகூர் வழியாக மீண்டும் பயணிகள் ரயில் வந்தது.

வேலைவாய்ப்பு மட்டும் எதிர்பார்த்த அளவு பெருகவில்லை. நிலக்கரியை இறக்குவதும் ஏற்றுவதும் பெரும்பாலும் இயந்திரங்களின் வேலை. கப்பல் வந்தால் ஊருக்கே வேலை என்பது மூட்டை சுமந்த காலத்துக் கணக்கு.

நிலக்கரித் தூளோ எல்லை பார்ப்பதில்லை. துறைமுகத்தை ஒட்டி மாநில எல்லையைத் தாண்டினால் நாகூர். வீட்டுத் தரையிலும் உலரும் துணியிலும் கரித்தூள் படிவதாக நாகூர், வாஞ்சூர் மக்கள் பல ஆண்டுகள் போராடினர், நீதிமன்றமும் சென்றனர். நீர் தெளித்தல், குவியலை மூடுதல் போன்ற முறைகள் தூளைக் குறைக்கும். காற்று பலமாக அடிக்கும் நாளில் முற்றிலும் தடுக்கா. நாகூர்க்காரர் எந்த அலுவலகத்தில் முறையிடுவது? துறைமுகம் புதுச்சேரி நிர்வாகத்தில், அவருடைய வீடோ தமிழ்நாட்டில்.

நிலத்தடி நீர்

கண்ணுக்குத் தெரியாத சிக்கல் இதுதான். கடலோர மணற்பரப்பில் நன்னீர், அடர்த்தி மிகுந்த உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் 1 மீட்டர் தாழ்ந்தால், கீழேயுள்ள உப்புநீர் எல்லை கோட்பாட்டளவில் 40 மீட்டர் வரை மேலேறக்கூடும். ஆலையானாலும் வயலானாலும் ஆழ்துளைக் கிணற்றில் அளவின்றி இறைத்தால் இதுவே நேரும். உவர்ந்த கிணறு எளிதில் திரும்பாது; ஆலையை மூடிவிட்டாலும் பல ஆண்டுகள் ஆகும். காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்கு ஒதுக்கப்பட்ட 7 டி.எம்.சி. நீர் காரைக்காலுக்கே உரியது. அது குறையும் ஆண்டில் கிணறுகளின் சுமை கூடுகிறது.

சட்டத்தின் எல்லை

2017 பிப்ரவரியில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த 31 சிறு எண்ணெய், எரிவாயு ஒப்பந்தப் பகுதிகளில் நெடுவாசலும் காரைக்காலும் இருந்தன. நெடுவாசலில் பெரும் போராட்டம் வெடித்தது. 2020-இல் தமிழ்நாடு அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் இயற்றியது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு அது தடை விதிக்கிறது. முன்பே இயங்கி வந்தவற்றைத் தொடவில்லை. மூன்று புறமும் இச்சட்டத்துக்குள் வரும் நிலம் சூழ்ந்திருந்தாலும், தமிழ்நாட்டுச் சட்டம் என்பதால் காரைக்கால் வயல்களுக்கு அது பொருந்தாது.