சரித்து வெட்டும் கணக்கு

நாட்றம்பள்ளியில் பெல்ட் என்றால் இடுப்பில் கட்டுகிற தோல் பெல்ட்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்ல வந்தது வேறு. முப்பரிமாண பிரிண்டரில் மேடைக்குப் பதிலாக ஓடும் பெல்ட். 2017-ல் நெதர்லாந்தின் பிளாக்பெல்ட், 2020-ல் சீனாவின் கிரியாலிட்டி சிஆர்-30 என்று வந்தன. சிஆர்-30-ல் அகலம் 200 மி.மீ., உயரம் 170 மி.மீ. நீளத்துக்கு எல்லையே கிடையாது!

சாதாரண பிரிண்டருக்கு ஸ்லைஸர் மென்பொருள் மாடலைத் தோசை அடுக்கிய மாதிரி படுக்கையாக வெட்டும். இதில் நாசில் 45 டிகிரி சாய்ந்து ஓடுவதால் அடுக்கும் சாய்ந்தே விழும். சாய்வாக வெட்ட ஸ்லைஸருக்கு ஒரு தந்திரம் உண்டு. சீட்டுக்கட்டைக் கையால் தள்ளினால் சரியுமல்லவா? அதுபோல மாடலின் ஒவ்வொரு புள்ளியையும் அதன் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் பெல்ட் நீளவாக்கில் தள்ளிவிடும். பிறகு ரொட்டி நறுக்குவது போல நேராக வெட்டினால் போதும். நிஜ மாடலில் அது 45 டிகிரி வெட்டு. நாசில் சாய்ந்து ஏறுவதால் 10 மி.மீ. உயரத்துக்கு 14.14 மி.மீ. போக வேண்டும். அடுக்கு 0.2 மி.மீ. என்றால் பெல்ட் 0.28 மி.மீ. நகர வேண்டும். எல்லாம் நம்ம ரூட் 2 தான்!

கணக்கு சரியாக இருந்தும் நான் கோட்டை விட்டேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருக்கும் மாமா, "ஏம்பா, ஒரு லாஸ்ட் எடுத்துக் குடேன், சாம்பிள் காட்டணும்" என்றார். லாஸ்ட் என்பது ஷூவுக்கு வடிவம் தரும் கால் அச்சு. குதிகால் முதலில் வெளியே வருகிற மாதிரி வைத்து, சப்போர்ட்டையும் அணைத்துவிட்டேன். குதிகால் அடிப்பாகம் தூக்கியிருக்குமே! முதல் அடுக்கே அந்தரத்தில். காலையில் போய்ப் பார்த்தால் பெல்ட் முழுக்க இடியாப்பம். மாமா முகத்தில் விழிக்கவே கூச்சம்.

பெல்ட்டில் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருப்பதற்குத்தான் சப்போர்ட் வேண்டும். பின்பக்கம் நீட்டியிருப்பது ஏற்கெனவே விழுந்த அடுக்கைப் பிடித்துக்கொண்டு வளரும். அதனால் லாஸ்ட்டைத் திருப்பி, விரல் பக்கத்தை முன்னே வைத்தேன். நுனிக்கு அடியில் மட்டும் கொஞ்சம் சப்போர்ட். குதிகால் தானாகவே வந்தது.

மாமா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இடது கால் எங்கப்பா?" என்றார். அதையும் பின்னாலேயே வரிசையில் விட்டேன். கண்ணாடி பிம்பம் மட்டும் அகலவாக்கில் எடுக்க வேண்டும். நீளவாக்கில் எடுத்தாலும் இடது கால்தான் வரும், ஆனால் குதிகால் மறுபடி முன்னே போய்விடும்.