திருட்டுக்கு முந்திய நாட்கள்

தேவையே இல்லாத பொருளைத் திருடத் தூண்டும் நோய் ஒன்று உண்டு என்று 1816இல் எழுதியவர் ஜெனீவா மருத்துவர் ஆந்த்ரே மாத்தே. அந்த நூற்றாண்டின் பிற்பாதியில், பாரிஸின் பெரிய கடைகளில் கையும் களவுமாகப் பிடிபட்ட வசதியான பெண்கள் பலர் நோயாளிகள் என்று சொல்லித் தப்பினார்கள். ஏழைகள் சிறைக்குப் போனார்கள். அந்தப் பாகுபாடு இன்றும் தீரவில்லை. இலங்கை மலையகத்தின் பசறையிலோ அப்புத்தளையிலோ ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பொருள் காணாமல் போனால், வறுமை அல்லது கெட்ட புத்தி என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடுவது சுலபம். எடுத்தவரின் மனநிலை எப்படி இருந்தது என்ற கேள்வியும் அங்கே எழ வேண்டும்.

இருமுனைக் கோளாறின் மேனியாக் கட்டத்தில் ஒருவர் இரண்டு மூன்று மணி நேரமே தூங்கினாலும் களைக்கமாட்டார். ஓயாமல் பேசுவார், கையிலிருப்பதை வாரி இறைப்பார், பின்விளைவை எண்ணிப் பார்க்கும் நிதானத்தை இழப்பார். பிறர் பொருளில் கைவைப்பதும் அப்போது நேரலாம். மாத்தே சொன்ன, இன்று கிளெப்டோமேனியா எனப்படும் நோய் வேறு வகை: எடுக்கும் முன் தாங்கமுடியாத தவிப்பு, எடுத்ததும் ஆறுதல், பிறகு வெட்கம். மனச்சோர்வும் இவர்களிடம் அடிக்கடி சேர்ந்தே வருகிறது. மேனியாவால் நிகழ்ந்த திருட்டைக் கிளெப்டோமேனியா என்று கணிக்கக்கூடாது என்பது மருத்துவ விதி. ஆகவே திருடிய பொருளைவிட, திருட்டுக்கு முந்திய நாட்களே அதிகம் சொல்லும். உந்துதலுக்கும் மூளையின் வேதியியலுக்கும் தொடர்பு உண்டு என்பதற்குப் பார்க்கின்சன் நோயாளிகள் சாட்சி. டோபமினைப் போல் செயற்படும் மருந்துகளைத் தொடங்கியபின் சூதாட்டத்திலும் கட்டுமீறிய செலவிலும் விழுந்த சிலர், மருந்தைக் குறைத்ததும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறார்கள்.

திருட்டை நோயோடு சேர்த்துப் பார்ப்பது கள்ளருக்குச் சாக்காகிவிடாதா? திருடுவோரில் பெரும்பாலோருக்கு இந்த நோய்கள் இல்லை. நோயுள்ளோரில் பெரும்பாலோர் திருடுவதுமில்லை. பசியில் அரிசி எடுத்தவரை நோயாளி ஆக்குவதும் அநீதிதான். அவருக்கு வேண்டியது போதுமான சம்பளம். சட்டமும் அவ்வளவு இளகியதல்ல. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவு, செய்வது இன்னதென்றோ தவறென்றோ அறிய முடியாத அளவுக்குச் சித்தம் கலங்கியவரைத்தான் விடுவிக்கிறது. கிளெப்டோமேனியா உள்ளவருக்குத் தவறு என்று தெரியும். அவர் குற்றவாளியாகவே நிற்கலாம். ஆனால் சிகிச்சை இல்லாத தண்டனை அடுத்த திருட்டைத் தடுக்கும் என்று நம்ப முடியாது.

சிகிச்சை இருக்கிறது. மேனியாவுக்கு மருந்தாக 1949 முதல் அறியப்பட்ட லித்தியம் அதை அடக்கும். ஆனால் இரத்தத்தில் அதன் அளவை அடிக்கடி சோதிக்க வேண்டும். மலைத்தோட்டத்திலிருந்து பதுளை வைத்தியசாலைக்குப் போய்வந்தால் அன்றைய பேர், அதாவது நாட்கூலி, போய்விடும், பஸ் காசும் வேண்டும். அந்தப் பயணத்தைக் குறைக்கத் தோட்ட டிஸ்பென்சரிக்கே மனநல கிளினிக் வர வேண்டும். அதுவரைக்கும் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம். பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது, "பத்து நாளாக இவன் தூங்கவில்லை ஐயா" என்று ஒரு தாய் சொன்னால், அதையும் பதிந்து நீதவானுக்கு அனுப்ப வேண்டும்.