ஈட்டியா, தேக்கா?

மைசூர் அரண்மனையின் அம்பாவிலாஸ் மண்டபத்தில் தந்தம் இழைத்த ஈட்டிமரக் கதவைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். தந்தத்துக்குத் தடை வந்தபின் கைவினைஞர்கள் வண்ண மரத்துண்டுகளையும் பிளாஸ்டிக்கையும் பதிக்கிறார்கள். அடிப்பலகைக்கு மட்டும் கருஞ்சிவப்பு ஈட்டிதான் வேண்டும். சிக்கல் அங்கேதான்.

பக்கத்து நாகரஹொளே காடுகளில் ஈட்டியும் தேக்கும் சேர்ந்தே வளர்கின்றன. குணம்தான் வேறு. தேக்குக்கு முழு வெயில் வேண்டும்; வேரில் தண்ணீர் தேங்கக்கூடாது. (வாய்க்கால் ஓரத்துப் பள்ளத்தில் நட்டுவிட்டுக் கையைப் பிசைபவர்கள் கவனிக்க.) ஈட்டிக்கன்று ஓரளவு நிழலையும் தாங்கும். அவரைக் குடும்பம் என்பதால் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், வேரிலிருந்தே துளிர்க்கும். ஆனால் பருப்பதில் மகா சோம்பேறி.

தேக்கைக் கரையான் எளிதில் அண்டாது. கதவு, ஜன்னல், கப்பல் எல்லாவற்றுக்கும் ஆகும். ஈட்டி உயர்ரக மேஜை நாற்காலி, கிதார், இழைப்பு வேலைக்குப் போகிறது.

கேரளத்தின் நிலம்பூரில் 1840களிலேயே தோட்டமாக நடப்பட்டது தேக்கு. ஈட்டிக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை. 2017 முதல் அதன் உலக வர்த்தகம் சைட்ஸ் ஒப்பந்தக் கட்டுப்பாட்டில், சில விலக்குகளோடு. சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் வனத்துறை அனுமதி வேண்டும். பேரன் காலத்தில் பருக்கும் மரத்துக்கு இத்தனை காகிதமா என்று விவசாயி தேக்கங்கன்றைத்தான் வாங்குகிறார்.