பழுதாகாத பாந்தர்

கணினித் திரையில் ஓடும் பாந்தர் டாங்கிக்கு வயதே ஆவதில்லை. மேடேறும், சேற்றில் இறங்கும், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முப்பது சண்டைக்குப் போய்வரும். பல்சக்கரத்தில் ஒரு பல்கூடத் தேயாது. நிஜ பாந்தருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, மிச்சம் கிடைத்த ஜெர்மன் பாந்தர்களைப் பிரெஞ்சு ராணுவம் சில காலம் ஓட்டிப் பார்த்தது. 1947இல் அந்த அனுபவத்தை ஓர் அறிக்கையாக எழுதி வைத்தது. இன்ஜினின் விசையைக் கடைசியாக வாங்கிச் சங்கிலிப் பட்டையைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியின் சராசரி ஆயுள் 150 கிலோமீட்டர் என்கிறது அந்த அறிக்கை. சென்னையில் கிளம்பினால் திண்டிவனம் தாண்டிவிடலாம். விழுப்புரம் போய்ச் சேர்வது சந்தேகம்.

காரணம் சிக்கலானதல்ல. சுமார் முப்பது டன்னுக்குத் திட்டமிட்ட வண்டி, கவசத்தைக் கூட்டிக் கூட்டி 45 டன்னில் வந்து நின்றது. அந்த எடையைத் தாங்கும் வகைப் பல்சக்கரங்களை வெட்டுவதற்கான இயந்திரங்கள் அன்றைய ஜெர்மனியில் போதுமான அளவில் இல்லை. எளிய நேர்ப்பல் சக்கரங்களை வைத்து ஒப்பேற்றினார்கள். 1943 ஜூலையில் சோவியத் படைகளுக்கு எதிரான கூர்ஸ்க் போருக்கு 200 பாந்தர்கள் புறப்பட்டன. அவற்றில் இரண்டு, எதிரியைக் கண்ணால் பார்க்கும் முன்பே இன்ஜினில் தீப்பிடித்து எரிந்துபோயின. ஒரு வாரத்துக்குள் பெரும்பாலானவை படுத்துவிட்டன: கண்ணிவெடியால் சில, குண்டடியால் சில, சொந்தக் கோளாறால் சில.

எதிர்த் தரப்பும் சளைத்ததல்ல. சோவியத் யூனியன் தன்னுடைய டி-34 டாங்கி ஒன்றை 1942இல் அமெரிக்காவுக்கு அனுப்பியது. அபர்தீன் சோதனைத் திடலில் 343 கிலோமீட்டர் ஓடியதும் அதன் இன்ஜின் பாழாகிவிட்டது. கோளாறு காற்று வடிகட்டியில். புழுதியை அது தடுக்கவே இல்லை. உள்ளே போன மண் சிலிண்டர்களை அரைத்துத் தள்ளிவிட்டது. நம் ஊரில் டிராக்டர் வைத்திருக்கும் எவரும் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

ஆக, டாங்கி என்பது பீரங்கி பொருத்திய ஒரு மெக்கானிக் ஷெட். ஆனால் டாங்கியை வைத்து உலகம் முழுக்கப் பல லட்சம் பேர் ஆடும் இணைய விளையாட்டுகளில் அந்த ஷெட்டைக் காணோம்.

‘வார் தண்டர்’ என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். கைஜின் நிறுவனம் 2012இல் விமானங்களோடு தொடங்கி, 2014இல் டாங்கிகளைச் சேர்த்தது. இதில் வண்டிக்கு ‘உயிர் இவ்வளவு சதவீதம்’ என்று காட்டும் பட்டை கிடையாது. குண்டு எந்தக் கோணத்தில் பட்டது, அந்த இடத்தில் தகடு எவ்வளவு தடிமன் என்று சர்வர் கணக்குப் போடுகிறது. இதில் பள்ளிக்கூடத்து முக்கோணவியல்தான் நாயகன். டி-34இன் முன்தகடு 45 மில்லிமீட்டர்தான். ஆனால் செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்திருக்கிறது. நேரே பறந்து வரும் குண்டு அந்தச் சாய்வு வழியாகத் துளைக்க வேண்டிய தூரம், 45ஐக் கொசைன் 60ஆல் வகுத்தால் வருவது, அதாவது 90 மில்லிமீட்டர். தகடு அதே 45 மில்லிமீட்டர்தான், குண்டு கடக்க வேண்டிய தடிமன் மட்டும் இரட்டிப்பு. குண்டு துளைத்துவிட்டால் உள்ளே சிதறும் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு பாதை வரையப்படுகிறது. ஓட்டுநர், சுடுபவர், எரிபொருள் தொட்டி, கியர்பாக்ஸ், அடுக்கி வைத்த குண்டுகள் என எது வழியில் வருகிறதோ அதற்குச் சேதம்.

இத்தனை நுணுக்கமும் சுடும் கணத்துக்குத்தான். சங்கிலி அறுந்தால் என்ன செய்வது? ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும். வண்டி அசையாமல் அரை நிமிடம், முக்கால் நிமிடம் நிற்கும், ரிப்பேர் முடிந்துவிடும். கையில் ஒரு சொட்டு கிரீஸ் படாது. ஆட்டம் முடிந்ததும் பழுதுபார்த்த செலவு ‘சில்வர் லயன்’ என்ற விளையாட்டுக் காசில் கழிக்கப்படும். 2010இல் வந்த ‘வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ்’ விளையாட்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு. பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஒரு பில் மட்டும் இருக்கிறது.

இதைச் சோம்பேறித்தனம் என்று நானும் முன்பு நினைத்திருந்தேன். ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஓர் ஆட்டம் ஏறக்குறைய இருபது நிமிடம். அதில் ஒரு டாங்கி நான்கு கிலோமீட்டர் ஓடும் என்று தாராளமாக வைத்துக்கொள்ளலாம். 150 கிலோமீட்டர் சராசரி ஆயுள் என்றால் பாந்தரின் பல்சக்கரப் பெட்டி உடைய கிட்டத்தட்ட 38 ஆட்டங்கள் ஆக வேண்டும். டீசலோ பெட்ரோலோ தீருவதற்கும் இருபது நிமிடம் போதாது. ஒவ்வோர் ஆட்டத்தையும் தனியே பார்த்தால் விளையாட்டு பொய் சொல்லவில்லை. மொத்தத்தைக் கூட்டும்போதுதான் பொய்யாகிறது. ஆட்டம் முடிந்ததும் புத்தம்புது வண்டி கைக்கு வந்துவிடுவதால் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

சரி, தேய்மானத்தையும் எரிபொருளையும் சேர்த்தால் இணையம் தாங்காதோ? நேர்மாறாகத்தான் இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சென்னையிலிருந்து ஐரோப்பாவில் உள்ள சர்வருக்கு ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். கம்பி நேர்கோட்டில் போனாலே போய்த் திரும்ப 70 மில்லி நொடிக்கு மேல். கடலடியில் வளைந்து நெளிந்து போகும் கம்பியில் 150 என்பது சாதாரணம். மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் டாங்கி, அந்த 150 மில்லி நொடியில் ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். நொடிக்கு 900 மீட்டர் பாயும் குண்டு 135 மீட்டரைக் கடந்திருக்கும். நம் பையன்கள் ‘லேக் அடிக்குது’ என்று புலம்புவது இந்த இடைவெளியைத்தான்.

இதற்கான வைத்தியம் பழைய மாலுமிகளிடமிருந்து வந்தது. கரை தெரியாத கடலில், கடைசியாக இருந்த இடம், வேகம், திசை, கடந்த நேரம் ஆகியவற்றை வைத்து இப்போது எங்கே இருப்போம் என்று உத்தேசமாகக் குறிப்பார்கள். விளையாட்டு மென்பொருளும் எதிராளியின் வண்டியை அப்படியே ஊகித்து நம் திரையில் ஓட்டிக்கொண்டிருக்கிறது; உண்மைத் தகவல் வந்ததும் திருத்திக்கொள்கிறது. அதனால்தான் சங்கிலி அறுந்து சட்டென்று நின்ற வண்டி, எதிரியின் திரையில் ஒரு கண்சிமிட்டும் நேரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். தொல்லை தருவதெல்லாம் இப்படி வேகமாக மாறும் விஷயங்கள்தான். டீசல் அளவு மெதுவாக இறங்குவது. பல்சக்கரம் தேய்வது அதைவிட மெது. அவற்றை எப்போதாவது ஒரு முறை அனுப்பினால் போதும். ஸ்பேனரை விளையாட்டுக்குள் விட இணையம் எந்தத் தடையும் சொல்லவில்லை.

இந்த ஊகிக்கும் உத்தியைப் பெரிய அளவில் முதலில் செய்துகாட்டியதே ஒரு ராணுவத் திட்டம்தான். அமெரிக்காவின் டார்ப்பா அமைப்பு 1983இல் தொடங்கிய ‘சிம்நெட்’. அதற்குமுன் அட்டாரி நிறுவனம் 1980இல் ‘பேட்டில்சோன்’ என்ற டாங்கி விளையாட்டைக் கடைத்தெரு எந்திரமாக விட்டிருந்தது. அமெரிக்க ராணுவம் அதைப் பார்த்து, பிராட்லி கவச வண்டியின் சுடுநரைப் பழக்க ஒரு வடிவம் கேட்டது. விளையாட்டை எழுதிய எட் ராட்பர்க் அரைமனதோடு அதைச் செய்து கொடுத்தார். சுடுவதைத் தவிர அதில் வேறு வேலை இல்லை.

சிம்நெட் வேறு மாதிரி. விமானப்படை அதிகாரி ஜாக் தார்ப்பின் யோசனை இது: நிஜத்தை முழுக்க நகலெடுக்கக் காசு போதாது, எனவே சிப்பாய் கற்க வேண்டியது எதுவோ அதை மட்டும் நன்றாகச் செய், மற்றதை விடு. எம்1 டாங்கியின் உட்புறம் போலச் செய்த பெட்டிகளில் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். சன்னல் வழியே தெரிந்த மலைகள் கார்ட்டூன் மாதிரி இருந்தன. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஆனால் எரிபொருள் தீர்ந்தால் டாங்கி நின்றது. எரிபொருள் லாரியையும் குண்டு லாரியையும் எங்கே அனுப்புவது என்று ஒருவர் தனியே உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டியிருந்தது. மலையின் அழகைத் தியாகம் செய்யலாம், டீசலைச் செய்யக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. நிஜ எம்1 ஏறத்தாழ 1,900 லிட்டர் கொள்ளும், அதை வைத்து சாலையில் சுமார் 420 கிலோமீட்டர் போகும் என்பதை நினைத்தால், கிலோமீட்டருக்கு நாலரை லிட்டர் குடிக்கும் வண்டியின் தளபதி முதலில் கற்க வேண்டிய பாடம் அதுதானே?

பொழுதுபோக்கு விளையாட்டுகளில் இந்தக் கணக்கைத் துணிந்து கையில் எடுத்தது கனடாவின் டொராண்டோவில் உள்ள சீஜ் கேம்ப் நிறுவனத்தின் ‘ஃபாக்ஸ்ஹோல்’. 2017இல் பரிசோதனை வடிவமாக வந்து, 2022 செப்டம்பரில் முழுமையாக வெளியானது. கற்பனை நாடுகள் இரண்டு, ஆடுபவர்கள் ஆயிரக்கணக்கில். ஒரு போர் இருபது நிமிடத்தில் முடிவதில்லை, வாரக்கணக்கில் இரவும் பகலும் நடக்கிறது. நீங்கள் தூங்கப் போனாலும் போர் நிற்காது. காலம் இப்படி நீண்டுவிட்டதும், இருபது நிமிட ஆட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத சங்கதிகள் எல்லாம் தலைதூக்குகின்றன.

இங்கே டாங்கி வானத்திலிருந்து குதிப்பதில்லை. யாரோ ஒருவர் வயலில் சுத்தியலால் பழைய இரும்பைத் தட்டித் தட்டிச் சேகரிக்க வேண்டும். இன்னொருவர் அதை ஆலைக்கு ஏற்றிப்போய் உருக்க வேண்டும். தொழிற்சாலையில் வரிசையில் நின்று பெட்டிகளாக்கி, லாரியில் அடுக்கி, போர்முனைக்கு ஓட்டிப்போக வேண்டும். இறந்த சிப்பாய் மறுபடி பிறப்பதற்குக்கூடச் சரக்கு வேண்டும். அந்தச் சரக்கை ஆட்டக்காரர்கள் ‘ஷர்ட்’ என்றே சொல்கிறார்கள். ஷர்ட் தீர்ந்த ஊரில் யாரும் உயிர்த்தெழ முடியாது.

டாங்கியின் உள்ளே ஓட்டுபவர் ஒருவர், சுடுபவர் ஒருவர், தலையை வெளியே நீட்டித் தொலைநோக்கியில் பார்ப்பவர் ஒருவர். ஓட்டுபவரால் சுட முடியாது. அடிபட்டால் சங்கிலி அறும், கோபுரம் முடங்கும், எரிபொருள் தொட்டி ஒழுகும். பொத்தானை அழுத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்க இங்கே வழியில்லை. ஒருவர் இறங்கியே ஆக வேண்டும், கையில் சுத்தியலோடும் இரும்புச் சாமானோடும், சுற்றிலும் தோட்டா பறக்கும்போது. இரும்பை எடுத்துவர மறந்திருந்தால் பின்னால் இருப்பவர்களிடம் கையேந்த வேண்டும். வண்டியை நம் குழுவுக்கு மட்டும் என்று பூட்டி வைக்காமல் இறங்கினால், நம் தரப்பு ஆளே ஏறி ஓட்டிக்கொண்டு போய்விடுவார். பூட்டை உடைக்க ரென்ச் இருக்கிறது. அதுவும் நம் தொழிற்சாலையில் செய்ததுதான்.

வேலை இவ்வளவு என்றால் தொழிலாளிக்குக் குறை வராமல் இருக்குமா? சரக்கு லாரி ஓட்டும் ஆட்டக்காரர்கள் 2022 ஜனவரியில் சங்கம் வைத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். விளையாட்டை உருவாக்கியவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். எங்கள் வேலை அவசியமற்ற அளவுக்குச் சலிப்பூட்டுகிறது, கிளிக் மேல் கிளிக் செய்து விரல் வலிக்கிறது, மாற்றுங்கள் என்பது கோரிக்கையின் சாரம். காசு கொடுத்து வாங்கிய பொழுதுபோக்கில், சம்பளமே இல்லாத வேலையில், ஸ்டிரைக்! சிரிப்பு வரலாம். ஆனால் அவர்கள் லாரியே வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். லாரி ஓட்டுவதன் சுவாரசியத்தை வைத்துக்கொண்டு வீண் அலுப்பை மட்டும் எடுங்கள் என்றார்கள். எந்த அலுப்பு வீண், எது தேவை என்று பிரிப்பதுதான் ஜாக் தார்ப்பும் செய்தது.

நான் அந்த விளையாட்டில் டாங்கிக்குள் ஏறியது மிகக் குறைவு. சுடத் தெரியாது என்பது முதல் காரணம். லாரி ஓட்டினேன். ஒரு தடவை மழையில் முக்கால் மணி நேரம் ஓட்டி, டீசல் கேன்களோடு முன்னணி ஊர் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன். நடுத்தெருவில் டாங்கி ஒன்று நின்றிருந்தது. மூன்று பேர் வெளியே இறங்கிச் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள், ஊர் எல்லையில் சண்டை நடக்கும்போதே. லாரியைப் பார்த்ததும் ஒருவர் எழுத்தில் கேட்டது ஒரே ஒரு சொல்: “டீசல்?” கேன்களை எல்லாம் இறக்கினேன். தொட்டி நிரம்பியது, இன்ஜின் உறுமியது, மூவரும் ஏறி வளைவில் மறைந்தார்கள். நன்றி சொல்ல அவர்களுக்கு நேரமில்லை. நானும் பெருமையோடு லாரியைத் திருப்பினேன். ஊர் எல்லையைத் தாண்டிச் சிறிது தூரத்தில் லாரி நின்றுவிட்டது. எனக்கென்று ஒரு கேன் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.