மருத்துவக் கோப்பை ஸ்கேன் செய்வதற்கு முன்

நீண்ட நாள் நோய்க்குச் சிகிச்சை பெறுவோர் வீடுகளில் ஒரு மருத்துவக் கோப்பு கட்டாயம் இருக்கும். துணிக்கடைப் பையிலோ பிளாஸ்டிக் உறையிலோ பல ஆண்டுகளின் தாள்கள் அதில் சேர்ந்திருக்கும். அவற்றை ஸ்கேன் செய்து கைபேசியில் வைத்துக்கொள்ளலாமா என்று நோயாளிகளும் உறவினர்களும் இப்போது அடிக்கடி கேட்கின்றனர். இங்கே ஸ்கேன் என்று சொல்வது உடலுக்கு எடுக்கும் பரிசோதனையை அன்று. தாளைப் படமாக்கிக் கணினியில் சேமிப்பதை. தாராளமாகச் செய்யலாம். ஆனால் கலைந்து கிடக்கும் கோப்பை அப்படியே ஸ்கேன் செய்தால், கலைந்த கோப்பு ஒன்று கைபேசிக்கும் வந்துசேரும்; அவ்வளவே. பயன் தருவது ஸ்கேன் செய்வதற்கு முன் நாம் செய்யும் ஆயத்தமே.

பழைய தாள் எதற்கு?

நள்ளிரவில் நெஞ்சுவலியோடு வரும் ஒருவரின் ஈசிஜியில் ஒரு மாற்றம் தெரிகிறது என்று கொள்வோம். அது அன்றிரவு தோன்றியதா, ஐந்து ஆண்டுகளாகவே இருப்பதா? பழைய ஈசிஜி ஒன்று கையில் இருந்தால் இரண்டையும் அருகருகே வைத்து விரைவில் தெளிவு பெறலாம். இரத்தத்தில் கிரியாட்டினின் அளவு கூடியிருந்தாலும் இதே கேள்விதான் எழும்: சிறுநீரகக் குறைபாடு புதியதா, பழையதா? ஸ்டென்ட் பொருத்தியவருக்கு வேறோர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை நிறுத்தலாமா என்பதை முடிவு செய்ய, ஸ்டென்ட் பொருத்திய நாள் தெரிய வேண்டும். பேஸ்மேக்கர் உள்ளவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பதற்கு, அக்கருவியின் தயாரிப்பாளரும் மாதிரியும் குறித்த அட்டை வேண்டும்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். நெஞ்சுவலி வந்தால் கோப்பைத் தேடி ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அவசர நேரத்தில் தேட நேரமிராது என்பதனால்தான் நலமாக இருக்கும் நாளிலேயே கோப்பை ஒழுங்குபடுத்தச் சொல்கிறோம்.

முதலில் பிரித்தெடுங்கள்

தாள்கள் அனைத்தையும் மேசைமீது பரப்புங்கள். ஒவ்வொரு தாளிலும் நோயாளியின் பெயர், முதலெழுத்து, வயது, மருத்துவமனை எண் ஆகியவற்றைப் பாருங்கள். ஒரே வீட்டில் இருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தால், ஒருவரின் இரத்தப் பரிசோதனை முடிவு மற்றவர் கோப்புக்குள் போய்விடுவது உண்டு. அத்தகைய தாள், இல்லாத தாளைக் காட்டிலும் ஆபத்தானது.

வெற்று உறைகள், விளம்பரத் தாள்கள், ஒன்றுக்கு மேற்பட்ட நகல்கள் ஆகியவற்றை விலக்குங்கள். மருந்துக்கடை இரசீதுகளைக் காப்பீட்டுக்காகத் தனியே வையுங்கள். எஞ்சியவற்றை நான்காகப் பிரிக்கலாம்: டிஸ்சார்ஜ் சம்மரியும் அறுவை சிகிச்சைக் குறிப்புகளும், ஈசிஜி, எக்கோ, ஆஞ்சியோகிராம், திசுப் பரிசோதனை போன்ற அறிக்கைகள், இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகள், மருந்துச் சீட்டுகள். ஒவ்வொரு பிரிவையும் தேதி வரிசையில் அடுக்குங்கள்.

தாளைச் சீர்செய்தல்

ஸ்டேப்ளர் பின்களையும் குண்டூசிகளையும் மெல்ல நெம்பி எடுங்கள், இழுத்துக் கிழிக்காதீர்கள். பெயரும் தேதியும் பெரும்பாலும் தாளின் மேல் மூலையில்தான் இருக்கும். அந்த மூலைதான் முதலில் கிழியும். விட்டுப்போன பின் ஸ்கேனரின் கண்ணாடியைக் கீறிவிடும். மடிந்த தாள்களை விரித்து, கனமான புத்தகங்களின் அடியில் ஒரு நாள் வையுங்கள். கிழிந்த தாளுக்குப் பின்புறமாக ஒட்டுநாடா இடலாம். சிறு சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல், தனித்தனியே வெள்ளைத் தாளின்மீது வைத்து ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தையும் பாருங்கள், மருந்தின் அளவை மாற்றிய குறிப்பு அங்கே இருக்கக்கூடும்.

ஈசிஜி தாளுக்கு முதலிடம்

பல கருவிகளில் ஈசிஜி, வெப்பத்தால் கறுக்கும் பூச்சுள்ள தாளில் பதிவாகிறது. அதில் மை இல்லை. வெயிலும் வெப்பமும் பட்டால் அந்தப் பதிவு நாளடைவில் மங்கிவிடும். சிலவகைப் பிளாஸ்டிக் உறைகளும் ஒட்டுநாடாவும் கைகழுவும் சானிடைசரும் அதைக் கெடுக்கும். பாதுகாப்பு என்று எண்ணி லேமினேஷன் செய்தால், அந்தச் சூட்டிலேயே தாள் முழுதும் கறுத்துப்போகலாம். ஆகவே ஈசிஜி எடுத்த அந்த வாரத்திலேயே சாதாரணத் தாளில் ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். ஸ்கேன் செய்யும்போதும் அதிலிருந்தே தொடங்குங்கள்.

ஈசிஜியின் சிறு கட்டங்கள் அளவுகோலாகும். வழக்கமான வேகத்தில் ஒரு சிறு கட்டம் 0.04 விநாடியைக் குறிக்கும். கைபேசியைச் சாய்த்துப் படமெடுத்தால் கட்டங்கள் கோணலாகி அளவு பிழைபடும். தாளைச் சமமாக விரித்து, நேர்மேலிருந்து, நிழல் விழாமல் எடுங்கள். ஓரத்தில் அச்சாகியுள்ள பெயர், தேதி, வேகம் ஆகியவை படத்தில் வர வேண்டும்.

ஸ்கேன் செய்யும் முறை

ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவு போதுமானது. ஈசிஜியையும் படங்கள் உள்ள அறிக்கைகளையும் வண்ணத்தில் எடுங்கள். பக்கத்துக்கு ஒரு கோப்பு என்று சிதற விடாமல், ஒரு மருத்துவமனைச் சேர்க்கைக்கு உரிய தாள்களை ஒரே பி.டி.எஃப். கோப்பாக்குங்கள். பெயரிடும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்குங்கள்: '2023-08-14 எக்கோ' என்பதுபோல. கணினியே அவற்றைக் கால வரிசையில் அடுக்கித் தரும். எடுத்து முடித்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, எழுத்து படிக்கத்தக்கதாக உள்ளதா என்று பாருங்கள்.

எக்ஸ்ரே ஃபிலிமைச் சாதாரண ஸ்கேனரில் எடுப்பதால் பயன் குறைவு. அதன் எழுத்து அறிக்கையை ஸ்கேன் செய்து, ஃபிலிமை மடிக்காமல் வையுங்கள். ஆஞ்சியோகிராம் குறுந்தகட்டில் இருந்தால், அதிலுள்ள எல்லாவற்றையும் பென்டிரைவுக்கு நகலெடுங்கள்.

இவை அனைத்துக்கும் முன்னால் ஒரு பக்கச் சுருக்கம் இருக்கட்டும்: பெயர், வயது, இரத்த வகை, ஒவ்வாமை, நோய்கள், செய்துகொண்ட சிகிச்சைகளும் தேதிகளும், இப்போது உண்ணும் மருந்துகளும் அளவும், உறவினரின் தொலைபேசி எண். அவசரத்தில் மருத்துவர் முதலில் படிப்பது இந்தப் பக்கத்தைத்தான். மருந்து மாறும்போதெல்லாம் இதைத் திருத்தி, தேதி இடுங்கள்.

சேமிப்பும் அந்தரங்கமும்

நகல் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் போதாது. கைபேசி தொலைந்தால் அனைத்தும் போகும். பென்டிரைவிலோ வீட்டுக் கணினியிலோ இன்னொரு நகல் வையுங்கள். நம்பிக்கைக்குரிய உறவினர் ஒருவருக்கு அது இருக்குமிடம் தெரிந்திருக்கட்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தெளிவு குறையும், ஆவணமாக அனுப்புங்கள். கடையில் ஸ்கேன் செய்தால், அவர்கள் கணினியிலும் கைபேசியிலும் உள்ள நகலை உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை.

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின்கீழ் 14 இலக்க ஆபா எண் ஒன்றைக் கட்டணமின்றிப் பெறலாம். இத்திட்டம் 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்டது. இந்த எண்ணைப் பெறுவது கட்டாயமன்று. உங்கள் பதிவுகளை மருத்துவருடன் பகிர உங்கள் ஒப்புதல் வேண்டும்.

ஸ்கேன் செய்தாயிற்று என்று மூலத் தாள்களை எறிந்துவிடாதீர்கள். காப்பீட்டுக்கு மூலம் கேட்கப்படலாம். ஈரமும் கரையானும் அணுகாத உயரமான அலமாரியில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்குத் தரைத்தளத்துக் கீழ்த்தட்டு பாதுகாப்பான இடமன்று என்பதைச் சொல்லத் தேவையில்லை.

விடுபட்ட தாள்களுக்குச் சிகிச்சை பெற்ற மருத்துவமனையை அணுகலாம். உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அப்பதிவு மருத்துவமனையில் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அப்போது உங்கள் வீட்டில் இருப்பதே ஒரே சான்றாக இருக்கக்கூடும்.

இந்த வேலையை ஒரே நாளில் முடிக்க வேண்டியதில்லை. இந்த வாரம் ஈசிஜி தாள்களையும் டிஸ்சார்ஜ் சம்மரிகளையும் எடுத்துக்கொண்டு, ஒரு பக்கச் சுருக்கத்தை எழுதிவிடுங்கள். மற்றவற்றை மெல்லப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த முறை வரும்போது அந்தச் சுருக்கத்தை மருத்துவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.