மலை ஏறுமுன் காலணியை அழுத்திப் பாருங்கள்

கிளமெண்டி சன்செட் வேயில் இருக்கும் பழைய ரயில் பாலத்தருகே ஒரு ஞாயிறு காலை நாங்கள் ஆறு பேர் கூடினோம். கினபாலு மலைப் பயணத்துக்கு மூன்று வாரங்களே இருந்தன. வீவக புளோக்கில் படியேறிப் பழகியது போதும், மண்ணிலும் சேற்றிலும் நடந்து பார்க்கலாம் என்பது திட்டம்.

நான் அணிந்திருந்தது கணுக்கால்வரை மூடும் கனமான மலையேற்றக் காலணி. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கியது. ஒரே ஒரு பயணத்துக்குப் போட்டுவிட்டு, துடைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பெட்டிக்குள் பத்திரப்படுத்தியிருந்தேன். பார்ப்பதற்குப் புதிது போலவே இருந்தது.

கிளமெண்டி ரோட்டுக்கு அடியில் செல்லும் சுரங்கப்பாதையை நெருங்கியபோது வலது காலில் ஏதோ ‘சொத் சொத்’ என்று தட்டியது. குனிந்து பார்த்தால், சோலின் முன்பகுதி முதலை வாய் போலத் திறந்து கிடந்தது. பத்து நிமிடத்தில் இடது காலும் அதையே செய்தது. உள்ளேயிருந்து ஈரமான பிஸ்கட் போலத் துகள் துகளாக உதிர்ந்தது.

“தம்பி, எத்தனை வருஷமா பெட்டியில இருந்துச்சு?” என்று கேட்டார் எங்கள் குழுவில் மூத்தவரான அண்ணன்.

“ஏழு வருஷம்ணே. ஒரு தடவைதான் போட்டேன்.”

“அதான் பிரச்சினை. அடிக்கடி போட்டிருந்தா முன்னாடியே காட்டிக் கொடுத்திருக்கும்.”

அவர் பையிலிருந்து நான்கு பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளை எடுத்து, சோலையும் காலணியையும் சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டார். அப்படியே நொண்டிக்கொண்டு வீடு திரும்பினேன். கினபாலுவின் கற்படிகளில் இது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு அன்று இரவு தூங்கவிடவில்லை.

காற்றே அரிக்கும்

பல மலையேற்றக் காலணிகளில் வெளிச் சோலுக்கும் மேற்பகுதிக்கும் நடுவே பாலியூரித்தேன் என்ற நுரைப்பொருள் அடுக்கு ஒன்று உண்டு. அதிர்ச்சியைத் தாங்குவது அதுதான். ஆனால், காற்றிலுள்ள ஈரம் அந்தப் பொருளின் வேதிப் பிணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துவிடும். வெப்பமும் சேர்ந்தால் வேகம் கூடும். ஆண்டு முழுவதும் வெப்பமும் ஈரப்பதமும் குறையாத சிங்கப்பூரில், மூடிய அலமாரிக்குள் இருக்கும் காலணி யாரும் தொடாமலேயே மூப்படைகிறது. காற்றுப் புகாத பையில் சுற்றிவைத்தால் உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியே இல்லை. பத்திரப்படுத்துவதாக நினைத்து நான் செய்தது அதைத்தான்.

‘ஈவிஏ’ எனப்படும் இன்னொரு வகை நுரை இப்படிப் பொடிந்து போவதில்லை. நாளடைவில் அழுந்தித் தட்டையாகிவிடும். ஓட்டக் காலணிகளில் பெரும்பாலும் இருப்பது இதுதான். ஆனாலும் ஒட்டுப்பசை விட்டுப்போகலாம் என்பதால் அதையும் பார்த்தே ஆகவேண்டும்.

சோதிப்பது எளிது. சோலின் பக்கவாட்டில் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரிசல், பிசுபிசுப்பு, பொடி உதிர்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தக் காலணியை நம்பாதீர்கள். அடுத்து, முன்பகுதியைக் கையால் மடக்கி, ஓரங்களில் இடைவெளி திறக்கிறதா என்று பாருங்கள். இதைப் பெட்டி கட்டும் இரவில் செய்யாமல், ஒரு மாதம் முன்பே செய்துவிடுங்கள். புதியது வாங்கினாலும் கால் பழகுவதற்கு அவ்வளவு நாள் தேவை.

தரைக்கு ஏற்ற காலணி

எனக்குப் புதிய காலணி தேவைப்பட்டது. “போன தடவை மாதிரி பெருசா, கனமா வாங்கிடாதீங்க. எங்க நடக்கப் போறோம்னு முதல்ல யோசிங்க,” என்றார் அண்ணன்.

நாங்கள் நடந்த பாதையையே எடுத்துக்கொள்வோம். 1960களில் ஜூரோங் தொழிற்பேட்டைக்குச் சரக்கு கொண்டுசெல்லப் போடப்பட்ட ரயில் பாதை அது. 1990களில் சேவை நின்றது. இப்போது ஒரு புறம் கிளமெண்டி காடு. மழை பெய்தால் கணுக்கால் அளவு சேறும் ஓடைத் தண்ணீரும் இருக்கும். இங்கே நீர்புகாக் காலணி அணிந்தால், மேல்விளிம்பு வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர் வெளியேறாது. வலைத்துணியால் ஆன, விரைவில் காயும், ஆழமான பிடிப்புப் பற்கள் கொண்ட இலேசான காலணியே இங்கே சுகம்.

அங்கிருந்து தஞ்சோங் பகார் - உட்லண்ட்ஸ் பழைய ரயில் தடமான 24 கிலோமீட்டர் ‘ரெயில் காரிடார்’ பாதைக்குப் போய்விட்டால், பெரும்பாலும் சமதரை. வழக்கமான ஓட்டக் காலணியே போதும்.

கினபாலு வேறு கதை. 1,866 மீட்டர் உயரத்தில் நடக்கத் தொடங்கி, மறுநாள் விடியலில் 4,095 மீட்டர் உச்சியைத் தொட்டு, அன்றே அடிவாரம்வரை இறங்கவேண்டும். ஒரே நாளில் 2,200 மீட்டருக்கும் அதிகமான இறக்கம். ஏற்றத்தில் நுரையீரல் வாங்கும். இறக்கத்தில் கால்விரல் நகம் கறுக்கும். அங்கே விரல்களுக்குப் போதிய இடமும் ஈரப்பாறையில் வழுக்காத சோலும் முக்கியம்.

காலில் கட்டிய எடை, முதுகில் சுமக்கும் அதே எடையைவிடப் பல மடங்கு களைப்பைத் தரும். ஒவ்வோர் அடிக்கும் அதைத் தூக்கி வைக்கிறோம் அல்லவா?

மலேசியாவில் ‘அடிடாஸ் கம்போங்’ என்று வேடிக்கையாக அழைக்கப்படும் கறுப்பு ரப்பர் காலணியை இங்கே நினைவுகூரலாம். அந்தப் பெயருள்ள நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ரப்பர் தோட்டங்களில் மரம் சீவப் போகிறவர்கள் அணிவது. முழுவதும் ஒரே வார்ப்பு ரப்பர். உள்ளே பொடிந்துபோக நுரை இல்லை, தண்ணீர் தேங்கினால் கவிழ்த்துக் கொட்டிவிடலாம். விலையும் மிகக் குறைவு. அதிர்ச்சி தாங்காது, பழக்கமில்லாத காலைக் கடிக்கும். ஆனாலும் மலை வழிகாட்டிகள் பலர் அதை அணிந்தே சுமையோடு நம்மைக் கடந்து போகிறார்கள்.

கடையில் கவனிக்க

மாலையில் போங்கள், நடந்து நடந்து கால் சற்று வீங்கியிருக்கும். மலையில் அணியப்போகும் அதே காலுறையைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். நாடா கட்டுமுன் காலை முன்னே தள்ளி நின்றால், குதிகாலுக்குப் பின்னே ஒரு விரல் நுழையவேண்டும். கட்டிய பிறகு படி இறங்கிப் பாருங்கள். விரல் நுனி முன்னே இடித்தால் அளவு சிறியது. நடக்கும்போது குதிகால் மேலெழும்பினால் கொப்புளம் நிச்சயம்.

செருப்பிலேயே வளர்ந்த நம்மில் பலருக்கு முன்பாதம் அகலம். நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் நசுங்கினால், பெரிய எண்ணைத் தேடாமல் அகலமான வடிவத்தைக் கேளுங்கள்.

பனிக்கும் பொருந்தும்

டிசம்பர் விடுமுறையில் பனிச்சறுக்குக்காக ஜப்பான் செல்லும் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். சறுக்குத் தளங்களில் தரப்படும் காலணி வளையாது, குதிகாலும் பலகையோடு பூட்டிக்கொள்ளும். இறங்குவதற்கென்றே செய்யப்பட்டது அது. நார்வேயின் டெலிமார்க் வட்டாரத்தின் பெயரைக் கொண்ட முறையிலோ, கால்விரல் பகுதி மட்டுமே பலகையோடு இணைந்திருக்கும். குதிகால் தூக்கி மேடேறலாம் என்பதால் காலணியும் விரலருகே வளையவேண்டும். அங்கேயும் முதல் கேள்வி, எவ்வளவு நடக்கப் போகிறோம், எவ்வளவு இறங்கப் போகிறோம் என்பதுதான்.

பனிச்சறுக்குக் காலணிகளின் கெட்டியான ஓடும் பெரும்பாலும் பாலியூரித்தேன் வகைதான். அலமாரியில் பல ஆண்டுகள் கிடந்தால் அதுவும் வெடிக்கலாம். எப்போதாவது ஒருமுறை போகிறவர்களுக்கு வாடகையே நல்லது.

மூன்று வாரம் கழித்து

நான் இலேசான காலணி ஒன்று வாங்கி, அதே ரயில் பாதையில் நான்கு முறை நடந்து பழகினேன். கினபாலுவிலிருந்து இறங்கியபோது முழங்கால் வலித்தது. நகம் ஒன்றும் கறுக்கவில்லை.

இப்போது அந்தக் காலணி பெட்டியில் இல்லை. கழுவி, நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான தட்டில் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறையாவது அதைப் போட்டுக்கொண்டு கிளமெண்டி பக்கம் நடக்கிறேன். என் பையிலும் இப்போது நான்கு கட்டுப்பட்டைகள் இருக்கின்றன. எனக்குத் தேவைப்படாவிட்டாலும், வழியில் வேறு யாருக்காவது தேவைப்படலாம்.